மூலையில் கறுப்பு மை

4 ஆகஸ்ட் 1958, திங்கள்
காலையிலிருந்து தூறல். முகமே பார்க்காத மாணவர்களைத் தபால் வழியாக எப்படித் தொடர்ந்து படிக்க வைப்பது? கல்லூரி கேட்டு எழுதியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.
சரித்திரத்துக்குப் பன்னிரண்டு பேர். முதல் பாடத்துக்கு ஒன்பது பதில்கள். திருத்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒருவரும் எழுதவில்லை. செங் ரப்பர் தோட்டப் பள்ளி ஆசிரியை ராஜம்மாள்கூட. சிறந்த தாள் அவளுடையது. அதுவே சந்தேகம், யாராவது எழுதிக் கொடுத்தார்களா? சனிக்கிழமைக்குள் இரண்டாம் பாடம் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும். விதி.
வாங்க: மண்ணெண்ணெய், மை, கருவாடு.

5, செவ்வாய்
தபால்காரரை நிறுத்திக் கேட்டேன். "உங்க கடுதாசியத் தின்னா டீச்சர் நான் வயிறு வளக்கறேன்?" சிரிக்கிறார். சிரிப்பவர்களை நான் நம்புவதில்லை.
ரா.வுக்கு நினைவூட்டல். உறை மூலைகளில் வழக்கம்போல் கறுப்பு மை. அடையாளத்துக்கு. கல்லூரி அனுப்பும் புதிய பாடங்களோடு என் கடிதம் கலந்துவிடக் கூடாது.

7, வியாழன்
ஜாலான் பெண்டஹாரா கடைத்தெரு. மசாலாக் கடைக்காரர் ஒரு லோரி டிரைவரைக் காட்டி, "இவரு சம்சாரம் உங்ககிட்டதான் தபால்ல படிக்குது." ராஜம்மாளின் கணவர், மாணிக்கம். என்னைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினார்.
"உங்க காலேஜுல ஆளாளுக்குச் செத்துக்கிட்டே இருக்காங்களா டீச்சர்? நேத்தோட ரெண்டு எழவுக் கடுதாசி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளுக்கு மூணு மாசம், காட்டல. வாசல்லயே கிழிச்சிப் போட்டுத் தலை முழுகிட்டேன்."
கறுப்பு மூலை என்றால் சாவுக் கடிதம். எனக்குத் தெரியாத வழக்கமல்ல. எங்கள் வீட்டுக்குச் சாவுச் செய்தி தந்தியில்தான் வரும், தோன்றவில்லை. மை பூசியது நான்தான் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

8, வெள்ளி
ஒன்பது பேருக்கும் நினைவிலிருந்து குறிப்புகளைத் திரும்ப எழுதினேன். மூலைகளில் மஞ்சள். பி.ஏ. படித்தவள் செய்கிற வேலையா? கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன்.

9, சனி
மதியம் வரை ஒன்றுமில்லை. பெயர் நீக்கும் படிவத்தை எடுத்து வைத்தேன்.
நான்கு மணிக்கு லோரிச் சத்தம். மாணிக்கம் வாசலிலிருந்தே, "யாருக்கு டீச்சர் கல்யாணம்?" பின்னால் ராஜம்மாள். மெலிந்த பெண். கையில் இரண்டாம் பாடம், எழுதி மூன்று வாரமாம்.
"மொதத் தாளப் பத்தி ஒரு வார்த்தையும் வரலியே. தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். இங்கயே திருத்துங்க டீச்சர், இருக்கேன்."
திருத்தினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு தவறு, சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. காப்பி ஆறும்வரை வாதாடினாள். தாள் அவளுடையதுதான்.