கலகெதரவுக்குப் போன கம்ப்யூட்டர்

என்னங்க,

உங்க கம்ப்யூட்டரைக் கலகெதரவில் ஒரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். சுற்றிவளைத்துச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். முழுசாகக் கேளுங்க. அதுக்கப்புறம் கோபம் வந்தால் கோபப்படுங்க.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்க கண்டி–புசல்லாவை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தீங்க. கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் முழுதாகவே போய்விட்டது. வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டீங்க. காலையில் பேப்பர் வாசிக்க முடியாமல் போனதைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை. நான் பார்மசி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைப்புகளை மட்டும் வாசித்துவிட்டு ஓடுவேன். "நீ வாசிக்கிறது பஸ் ஸ்டாண்டுல ஊர்ப் பேர் கூவுற மாதிரி இருக்கு" என்பீங்க.

பார்வையற்றோர் சங்கத்தில் பழகிய உங்க நண்பர்தான், ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துப்போட்ட அந்தப் பழைய கம்ப்யூட்டரை மஹய்யாவவில் நம்ம வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, பழைய மெஷினையும் ஓடவைக்கும் லினக்ஸைப் போட்டார். எல்லோரும் பாவிக்கிற பிரவுசரைத் திறந்தால் அந்த மெஷின் இரைந்து இரைந்து அப்படியே நின்றுவிடும். அவ்வளவு சின்ன மெமரி. அதனால் படமே காட்டாமல் எழுத்தை மட்டும் எடுத்துவரும் லின்க்ஸ் என்ற பிரவுசரைப் போட்டுக் கொடுத்தார். "லினக்ஸா, லின்க்ஸா, ஏதாவது ஒன்னைச் சொல்லுங்க" என்று நான் கேட்டேன். "லினக்ஸ் பஸ்ஸு, லின்க்ஸ் கண்டக்டரு" என்று நீங்க சொன்னீங்க. எனக்கு அதுக்கப்புறம் குழம்பவே இல்லை.

லின்க்ஸ் கொண்டுவரும் எழுத்தை இன்னொரு புரோகிராம் தமிழில் சத்தமாக வாசிக்கும். தகரத்தில் தட்டுகிற மாதிரி ஒரு குரல். உங்க வசதிக்காக நண்பர் எண் விசைகளில் முகவரிகளைப் பதிந்து கொடுத்திருந்தார். ஒன்றைத் தட்டினால் பேப்பர் வரும், அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த செய்தி வரும். நீங்க அந்தக் குரலை எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பீங்க. நான் தேத்தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் நாட்டு நடப்பு முழுவதையும் எனக்குச் சொல்லிவிடுவீங்க.

நீங்க எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு அதைத் துணி போட்டு மூடிவைத்தேன். கொழும்பிலிருந்து வந்த மகள், "பழைய இரும்புக்காரருக்குக் குடுங்கம்மா, இனி யாரு அதைப் பாவிக்கப் போறா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் நான் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன மாசம் பார்மசிக்குக் கலகெதரவிலிருந்து ஒரு ஹாஜியார் வந்தார். அங்கே மிளகு, கராம்பு வியாபாரம். மனைவிக்குச் சீனி வருத்தத்துக்கு மருந்து வாங்க மாசாமாசம் வருகிறவர்தான். அன்றைக்கு மருந்தைப் பையில் போட்ட பிறகும் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, ஒங்கட மாப்புள கண் தெரியாமலே கம்ப்யூட்டர்ல பேப்பர் பாத்தாராமே, மெய்தானா?"

"பாக்கலைங்க ஹாஜியார், கேட்டாரு."

"என்ட பொஞ்சாதி நஸீரா, டீச்சரா இரிந்தவ. இப்ப ரெண்டு கண்ணும் தெரியா. நான்தான் டெய்லி பேப்பர் வாசிச்சுக் காட்டுற. அது அவக்குக் காணாதாம்."

"இப்ப போனே பேசுமே?"

"குடுத்துப் பாத்தாச்சி. கண்ணாடியத் தடவினா எங்க தொட்டன்னு வெளங்குதில்லையாம். விரலுக்கு பட்டன் வேணுமாம்."

நீங்களும் இதையேதான் சொன்னீங்க. அன்று சாயந்தரம் வந்ததும் துணியை எடுத்துத் தூசி தட்டி, மெஷினைப் போட்டேன். எந்தக் குறையும் இல்லாமல் எழும்பியது. ஒன்றைத் தட்டினேன். பேப்பர் வரவில்லை. ஸ்கிரிப்ட் ஓடாமல் இந்தப் பக்கம் திறக்காது என்று ஒரே ஒரு வரி. நீங்க போன பிறகு பேப்பர்காரர்கள் தளத்தைப் புதுசாக மாற்றியிருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் என்பது பக்கத்துக்குள்ளேயே ஓடும் குட்டிப் புரோகிராமாம், லின்க்ஸுக்கு அது வராது.

படம் காட்டுகிற சின்னப் பிரவுசர் ஒன்றும் அதில் இருந்தது. திறந்து பார்த்தேன். டக்கென்று திறந்தது, ஆனால் வெறும் வெள்ளைப் பக்கம். பெரிய பிரவுசரைப் போட்டுப் பார்த்தேன். மின்விசிறி கத்தத் தொடங்கியது, மவுஸ் அசையவில்லை, கடைசியில் வயரைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. ஹாஜியாருக்கு என்ன பதில் சொல்வது? அவர் வீட்டில் போய்ச் சொல்லியும் இருப்பார். டீச்சர் காத்துக்கொண்டிருப்பார்.

என் போனில் அதே பேப்பரைத் திறந்து மேலிருந்து கீழே வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். விளம்பரங்களை எல்லாம் தாண்டி, அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் 'மெதுவான இணைப்புக்கு எளிய பக்கம்' என்று ஒரு வரி இருந்தது. அதன் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக உங்க மெஷினில் தட்டினேன். தகரக் குரல் செய்தி வாசிக்கத் தொடங்கியது. நான் உட்கார்ந்து அழுதேன் என்று நினைக்காதீங்க. சோறு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது, எழும்பி ஓடினேன். பிறகு உங்க நண்பருக்குப் போன் பண்ணி, ஒன்றாம் விசையில் பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் விதத்தைக் கேட்டு மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஜியாரின் வேனில் கொண்டுபோனோம். டீச்சர் வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கொ தங்கச்சி, எங்க அந்த சாமான்?" என்று கையை நீட்டினார். கீபோர்டைத்தான் முதலில் கொடுத்தேன். எஃப், ஜே விசைகளில் உள்ள சின்ன மேட்டைத் தானே கண்டுபிடித்தார். என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்.

மெஷினை அவர்கள் வீட்டு இணையத்தில் சேர்த்துப் போட்டுவிட்டேன். டீச்சர் ஒன்றைத் தட்டினார். அரசியல், விலைவாசி, மழை. அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனார். மரண அறிவித்தல் பகுதி வந்தது. தாண்டுவார் என்று நினைத்தேன். தாண்டவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டார். புசல்லாவையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை பத்மாவதி, கருமாதி வருகிற ஞாயிறு, என்று குரல் வாசித்தது. டீச்சர் விரலை எடுத்துவிட்டார். பிறகு அதையே இன்னொரு தடவை வாசிக்க வைத்தார்.

"எங்கட பத்மா" என்றார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வருசக்கணக்காக ஒன்றாகப் படிப்பித்தவர்களாம். கருமாதி என்றால் இறந்த செய்தி முதலே பேப்பரில் வந்திருக்க வேண்டும், இல்லையா? டீச்சருக்கு அது உடனே விளங்கிவிட்டது. புருஷன் நின்ற பக்கம் திரும்பினார்.

"பத்மா மோசம் போன செய்திய நீங்க பாக்கல்லையா?"

"பாத்தன்" என்றார் ஹாஜியார். "ஒனக்கு உடம்பு சரியில்லாத நேரம். எப்படி வாசிச்சுக் காட்டுற?"

"அப்ப இவ்வளவு நாளும் பேப்பர வாசிச்சுக் காட்டினீங்களா, ஒங்களுக்குப் புடிச்சதச் சொன்னீங்களா?"

ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னிடம் வந்து, "தங்கச்சி, இது வேணா. திருப்பிக் கொண்டு போங்கொ. வந்த அன்டைக்கே அழ வெச்சிட்டுது" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. நானும் உங்களுக்கு வாசித்தவள்தானே. உங்களுக்கு நெஞ்சு வலி வந்த காலத்தில் பஸ் விபத்து எதையாவது பார்த்தால் என் வாயும் தயங்கத்தான் செய்யும்.

வயரைக் கழற்றவா, வேண்டாமா என்று நின்றேன். டீச்சர் கண்ணீரைத் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டார். "இது இங்கதான் இரிக்கும்" என்றார். சத்தம் போடவில்லை. "பத்மா போனா நான்தான் அழோணும். எனக்குப் பதிலா நீங்க யோசிக்க வேணா. ஞாயித்துக்கிழம என்னப் புசல்லாவைக்குக் கூட்டிட்டுப் போங்கொ."

ஹாஜியார் வெளியில் போய் வேனைப் பார்த்தார். திரும்பி வந்து, "வேனுக்கு டீசல் அடிக்கோணும்" என்று மட்டும் சொன்னார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

துணைக்கு நானும் போனேன். பத்மா டீச்சரின் மகள் வாசலுக்கு ஓடிவந்து நஸீரா டீச்சரைக் கட்டிக்கொண்டாள். "நீங்க வரலேன்னு அம்மா வீட்டு ஆளுங்க எல்லாம் கேட்டுட்டாங்க. சொல்லி அனுப்ப நம்பர் இல்லாம இருந்தேன்" என்றாள். மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் கையை விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஹாஜியார் வெளியில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது அவர்தான் பேச்சைத் தொடங்கினார். "இனி ரெண்டு பேரும் சேந்து கேப்போம். எனக்கும் கண்ணாடி போட்டு வாசிக்கக் கஷ்டமாத்தான் இரிக்கி." டீச்சர் சிரித்தார்.

இப்போது டீச்சருக்குப் புதுசாக ஒரு ஆசை. கேட்டது போதாதாம், அதே கீபோர்டில் கடிதம் எழுதவும் வேண்டுமாம். பத்மாவின் மகளுக்கு யாரிடமும் சொல்லி எழுதவைக்காமல் தன் கையாலேயே எழுத வேண்டுமாம். எனக்குத் தமிழில் தட்டத் தெரியாது, உங்களுக்கும் வரவில்லை. உங்க நண்பர், செய்யலாம், விசைகளை மனப்பாடம் பண்ண வேண்டும், அவ்வளவுதான் என்கிறார். பார்மசி முதலாளி ஒதுக்கிவைத்திருந்த பழைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, அதே லினக்ஸைப் போட்டுக்கொண்டேன். கண் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் நானும் பார்க்காமல்தானே பழக வேண்டும்?

நேற்று கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைத் தட்டினேன். குரல் வேறு என்னவோ வாசித்தது. திரும்பத் திரும்பத் தட்டினேன், கழுத்து வலித்தது, எரிச்சல் வந்தது. அந்த நேரத்தில் மகள் போன் பண்ணினாள். அவளிடம் ஒரு காரணமும் இல்லாமல் எரிந்து விழுந்தேன். வைத்த பிறகு, ஆரம்ப நாட்களில் நீங்க என் மேல் எரிந்து விழுந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது என்ன கோபம் என்று எனக்குத் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது.

டீச்சர் அந்த மகளுக்குத் தன் கையால் எழுதும்வரைக்கும் நான் கலகெதரவுக்குப் போய்வருவேன். ஒவ்வொரு எழுத்தையும் முதலில் நான் கண்ணை மூடிக்கொண்டு பழகிய பிறகுதான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
இன்னமும் உங்க வீட்டுக்காரிதான்,
சரோஜா