வெள்ளைச் சேறு

விருத்தாசலம்,
9-8-2025

அன்பு மகள் வேல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்" எனக்குப் போதவில்லை.

கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இந்த வாரம் மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் மழையைப் பற்றியும் மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நேற்று உன் அம்மாதான், "போன்ல சொன்னா பாதியிலயே நின்னுடுவீங்க, எழுதுங்க" என்று நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது. பெண்ணாடம் கரும்புக்காரர் ஒருவரின் போர்வெல் மோட்டார் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. "ராஜமாணிக்கம் கட்டுன மோட்டார்ல தண்ணி பூந்துருக்குதே, என்னாச்சு ஒங்களுக்கு?" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. இப்போதெல்லாம் தண்ணீர் புகாமல் மூடிக்குள் போடுகிற ரப்பர் வளையத்தை எடுத்தாலே என் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் ஐந்து பேரும் கல்லூரியில் கட்டி, கெளுத்தி என்று பேர் வைத்த குட்டி நீர்மூழ்கியை யாரும் ஓட்ட வேண்டாம், ஒயரும் வேண்டாம், தண்ணீருக்கடியில் தானாகவே வழி பார்த்துப் போய்த் திரும்பி வரும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு அங்குல பிவிசி பைப்பும், படகில் தண்ணீர் இறைக்கிற சின்ன மோட்டாரும், பழைய லேப்டாப் பேட்டரியும் வைத்து என் மகள் இதைச் செய்திருக்கிறாள் என்றால் யாரும் நம்பவில்லை. சென்னைப் போட்டிக்குப் போகிற வழியில் அதை நம் வீட்டுக்கு எடுத்து வந்தீர்கள். உங்கள் ஐந்து பேரில் நம் ஊர்ப் பையனான வளவனின் அம்மா வேலை செய்யும், லீவில் அவனும் வெள்ளைக் களிமண் வேலைக்குப் போகும் செராமிக் கம்பெனித் தொட்டியில் மூன்று மணி நேரம் முக்கி வைத்துப் பார்த்தீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. மூடியை மூடியவன் வளவன். நானும் கூட நின்று பார்த்தேன். வளையத்தைக் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவி, என் கடையில் எந்த ஆளும் செய்யாத பொறுமையோடு மூடினான்.

அன்று சாப்பிடும்போது நீ சரியாகச் சாப்பிடவில்லை. "இது முழுவிச்சின்னா நானும் அதோட போயிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி முழுவதும் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது.

காலையில் எழுந்ததும் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பரைக் கும்பிட்டு விபூதி வாங்கி வந்தேன். நீங்கள் பின்கட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கெளுத்தி கூடத்தில் இருந்தது. வெளியே பூசினால் தண்ணீரில் போய்விடுமே என்று, மூடியைத் திறந்து பேட்டரி மேல் மூன்று விரலால் பூசினேன். கொஞ்சம் உதிர்ந்து ரப்பர் வளையத்தின் மேல் விழுந்தது. கிரீஸில் விழுந்தது துடைத்தால் போகாது, ஒரு துகள் இருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். வளையத்தைக் கழற்றிக் கழுவித்தான் போட வேண்டும். இதை ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவன் நான். அதற்குள் நீங்கள் கை கழுவும் சத்தம் கேட்டது. வேட்டி முனையால் ஒரு துடை துடைத்து அவசரமாக மூடிவிட்டேன். இனி யாரும் திறக்கக் கூடாது என்று மூடி மேல் வளவன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் பழையபடி அழுத்திவிட்டேன்.

போட்டியில் நாலாவது நிமிடத்திலேயே கெளுத்தி நின்றுபோய்க் குளத்தின் தரையில் உட்கார்ந்துவிட்டது என்றும், ஆள் இறங்கித்தான் எடுத்தார்கள் என்றும் மறுநாள் சாயங்காலம் சென்னையிலிருந்து போனில் சொன்னாய். "ரிங்கு மேல வெள்ளையா சேறு மாதிரி ஒட்டியிருக்குதுப்பா. வளவன் கம்பெனி மண்ணு கையோட மூடியிருக்கான். அவன் கையி எப்பவும் அப்படித்தானே" என்று அழுதாய்.

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான் "சரிம்மா, அழாத" என்று மட்டும் சொன்னேன். நீ அழுதுகொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பிறகு நீ அழாமல் இருக்கும்போதும் சொல்லவில்லை.

அவன் கவனக்குறைவுதான் காரணம் என்று ஆசிரியருக்கு எழுதி நீங்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டதையும், அவன் புராஜெக்ட்டிலிருந்து நின்றதையும் நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் ஊருக்கு வந்துவிட்டான் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அம்மா வேலை செய்யும் கம்பெனியிலேயே சூளை வண்டியில் கப்பு அடுக்கிக்கொண்டிருக்கிறான். கல்லூரிக்குத் திரும்பிப் போகவில்லை.

முந்தாநாள் மத்தியானம் அங்கே போய் அவனிடம் சொல்லிவிட்டேன். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "அங்கிள், நானே நம்பிட்டேன் அங்கிள். எங்கையிலதான் மண்ணு இருந்திருக்கும்னு தெனமும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றான். கோபப்படுவான் என்று நினைத்துத்தான் போனேன். இதற்கு நான் தயாராக இல்லை. பிறகு, "வேலுகிட்ட சொல்லாதீங்க. அது ஒங்கள ரொம்ப நம்புது. சரியா சாப்புடாம ரூமுலயே கெடக்குதாம், இப்ப அது தாங்காது" என்றான்.

அவன் அம்மா கமலம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தன நாளா இத மனசுல வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். ஐம்பது நாள் என்றேன். திரும்பிப் போய்க் கப்புக்குக் கைப்பிடி ஒட்ட உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் தலை நிமிரவில்லை.

வளவன் வேண்டாம் என்று சொன்னாலும் நான் எழுதுகிறேன். இருபத்தைந்தாம் தேதி மறுபடியும் தண்ணீரில் விடப் போகிறீர்கள், இந்த முறை வளையமே வேண்டாம், பசை போட்டு ஒரேயடியாக அடைக்கப் போகிறோம் என்று சொன்னாய். அடைக்காதே அம்மா. பசை போட்டுவிட்டால் உள்ளே ஒரு ஒயர் கழன்றால்கூடப் பைப்பை அறுக்க வேண்டிவரும். வளையம் உட்கார வளவன் வெட்டிய பள்ளம் சரி, வளையம் சரி, அவன் மூடியதும் சரி. தொட்டியில் மூன்று மணி நேரம் நின்றதை நீயே பார்த்தாய்.

உங்கள் ஆசிரியருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. கொடுக்கச் சங்கடமாக இருந்தால் சொல், நானே பஸ் ஏறி வந்து நேரில் சொல்கிறேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. நீ உன் சிநேகிதர்கள் முன்னால் தலைகுனிய வேண்டி வருமே என்பதுதான் கவலை.

வளவனைக் கூப்பிட்டுப் பேசு. என் சார்பாகப் பேச வேண்டாம், நான் அவனிடம் சொல்லிவிட்டேன். "அவன் கையி எப்பவும் அப்படித்தானே" என்றாயே, அந்தப் பேச்சுக்காகப் பேசு. அதை யாரோ அவனிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று நோட்டைக் கொடுத்ததிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள். நீயும் பேசாமல் இருந்தால் நியாயம்தான். ஆனால் வேலு, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அறையில் தனியாக இருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. கெளுத்தி முழுகினாலும் மிதந்தாலும் எனக்கு ஒன்றுதான். நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு முறை கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன். நீ எவ்வளவு நேரம் திட்டினாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
அப்பா
ராஜமாணிக்கம்