பின்னால் வருகிறவர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது, அதை விட்டுவிடு. நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் சின்னவனும் சளி காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வாராவாரம் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் எழுதும் பைத்தியம் எப்போது பிடித்தது என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிப்பா சரிப்பா" என்று முடித்து வைக்கிறாய், அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், சின்னவன் எதையோ உடைக்கிறான், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "இந்த லீவுக்குப் பிள்ளைங்கள அங்க அனுப்பலப்பா, நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றாய். நீ கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், உனக்கும் எனக்கும் அது பழக்கம்தானே. நீ மெதுவாகச் சொன்னாய், நோயாளியிடம் பேசுவது போல. நானும் "சரிம்மா, அதுக்கென்ன" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. ரெஸ்ட் எடுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் அம்மா, இந்த வீட்டில் என்னோடு ரெஸ்ட்டைத் தவிர வேறு யாரும் குடியில்லை.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். அவர்கள் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு நான் எத்தனை தடவை உத்தரத்தைத் துடைப்பக் கட்டையால் இடித்திருப்பேன், இப்போது அந்தச் சத்தமும் இல்லை, இடிக்கவும் ஆளில்லை. கடையில் முதலாளி இனிமேல் காலை மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். லென்ஸ் வெட்டுவதற்குப் புது மெஷின் வந்திருக்கிறது, எனக்கு ஃபிரேம் வளைந்ததை நிமிர்த்துவது, கழன்ற திருகை முடுக்குவது, வருகிறவர்களிடம் "நல்லா தெரியுதுங்களா" என்று கேட்பது, இவ்வளவுதான் மிச்சம். நம் விறைப்புச் சட்டைக்காரர் இருக்கிறாரே, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், அவர் "உங்களுக்கென்ன சார், மத்தியானத்துல நிம்மதியா தூங்கலாம்" என்கிறார். மத்தியானம் தூங்கினால் ராத்திரி என்ன செய்வது என்று அவருக்கு யார் சொல்வது. உன் அறையில் பிள்ளைகளுக்கு விரித்த மெத்தையை இன்னும் சுருட்டவில்லை. எப்படியும் லீவுக்கு வரப்போகிறார்கள், சுருட்டி என்ன, விரித்து என்ன என்று விட்டு வைத்திருந்தேன். தினமும் உறையை மட்டும் உதறிப் போடுகிறேன், தூசி படியக்கூடாதே. சாதம் இன்னும் நாலு பேருக்கு வடித்துவிட்டு மறுநாள் அதையே தின்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அவருடைய ஆபீஸ் வேலையாக வெளியே போன அன்றைக்குப் பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனேனே, அன்று மெட்ரோவில் நடந்ததைச் சின்னவன் உன்னிடம் உளறிவிட்டான், அதில் ஒரு பொய்யும் இல்லை. அவன் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. பெரியவள் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவன் நடந்ததில் பாதியைத்தான் சொல்லியிருப்பான். முதலில் நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலையிலேயே கிளம்பிவிட்டோம். மியூசியத்தில் அந்தத் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டினேன், பெரியவள் வாய் பிளந்து நின்றாள், சின்னவன் "திரும்ப எப்ப ரயில்ல போவோம் தாத்தா" என்றான். உயரமான கோபுரத்து உச்சிக்கு ஏறி மொத்த ஊரையும் காட்டினேன், அங்கேயும் "ரயில் எங்க தெரியுது" என்றான். அது மண்ணுக்கடியில் ஓடுகிறதடா, தெரியாது என்றேன், அப்படியென்றால் கீழே போவோம் என்று கையைப் பிடித்து இழுக்கிறான். நான் ஊரைக் காட்டக் கூட்டிப் போனேன், அவன் பார்த்ததெல்லாம் சுரங்கம்தான். ரயிலில் சீட்டின் மேல் மண்டி போட்டுக்கொண்டு ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "வெளிய ஒண்ணுமே இல்லையே தாத்தா, எதுக்கு ஜன்னல் வச்சாங்க" என்று கேட்டான். உன் மூஞ்சியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்றேன். அவ்வளவுதான், அதிலிருந்து ஒவ்வொரு சுரங்கத்திலும் நாக்கைத் துருத்துவதும் கண்ணை உருட்டுவதும், பெரியவள் "எல்லாரும் பாக்கிறாங்கடா" என்று தலையில் அடித்துக்கொள்வதும், எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிப்பதும், ஒரே கூத்துதான். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் நான் உட்கார்ந்து எவ்வளவு காலமாகிவிட்டது தெரியுமா. வீட்டுக்கே போக வேண்டாம் என்றிருந்தது.

திரும்பும்போது தடம் மாறுகிற பெரிய ஸ்டேஷனில் நல்ல கூட்டம். ஆபீஸ் விடுகிற நேரம். பிள்ளைகள் இரண்டு பேரும் நடந்து நடந்து ஓய்ந்திருந்தார்கள், சின்னவன் என் பேன்ட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தான், எப்படியாவது உட்கார வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் மனதில். ரயில் வந்தது, கதவு திறந்தது, நான் நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே பாய்ந்துவிட்டேன். ஒரு சீட்டில் பையை வைத்தேன், பக்கத்து சீட்டில் கைக்குட்டையை விரித்தேன். உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் அந்தக் கைக்குட்டைக்காக நீ என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ஒரு பெண் வந்து "ஆள் வராங்களா" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "வராங்கம்மா, என் வீட்டுக்காரி பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் பின்னாடியே வரா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

போனில் நீ "ஏம்ப்பா முதல்ல ஏறினீங்க" என்று கேட்டபோது கூட்டம் என்று சொல்லி மழுப்பினேன். கூட்டமில்லை அம்மா. நம் வீட்டில் எப்போதும் அப்படித்தானே. பஸ்ஸானாலும் ரயிலானாலும் ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் உன் அம்மா "நீங்க போய் இடத்தப் பிடிங்க, இவள நான் பாத்துக்கறேன்" என்பாள். நான் பாய்வேன், அவள் உன்னை முன்னால் தள்ளிக்கொண்டு கடைசியாக வருவாள். கதவுக்கு வெளியே நீ நிற்கிறாயா என்று நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. இடம் பிடிப்பது என் வேலை, ஆளைப் பார்ப்பது அவள் வேலை. வாழ்க்கையில் வேறு எதிலும் நான் முந்திக்கொண்டவன் இல்லை, சீட் பிடிப்பதில் மட்டும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியாமலா இருக்கிறது. தெரியும். வீட்டில் தெரியும், அடுக்களையில் தெரியும், தனியாக ரயிலில் போகும்போதும் தெரியும், தனியாகப் போகிறவனுக்குப் பின்னால் யார் வருவார்கள். அன்றைக்குத்தான் அவள் போன பிறகு முதல்முறையாகப் பிள்ளைகளோடு ரயில் ஏறுகிறேன். காலையில் கூட்டமில்லாததால் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினோம். கூட்டத்தைக் கண்டதும் காலுக்குப் பழைய கணக்கு நினைவு வந்துவிட்டது.

பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியே பிளாட்பாரத்திலேயே நிற்க, கதவு மூடிக்கொண்டது. சின்னவன் வாயைத் திறந்து அழுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. பெரியவள் அழவில்லை, தம்பியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் கண்ணாடியைத் தட்டுகிறேன், ரயில் நகர்ந்துவிட்டது. அதன் பிறகு சுரங்கம். அவனிடம் விளையாட்டுக்குச் சொன்னேனே, அந்த ஜன்னலில் என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ எமர்ஜென்சி பட்டனை அழுத்தலாமா என்று கேட்டார்கள், யாரோ அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போங்கள் என்றார்கள். கைக்குட்டையையும் பையையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன், மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, எதிர் ரயிலைப் பிடித்தேன். முழங்கால் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து மறுநாள் பேசியது. உன்னிடம் என்ன சொல்வேன் என்றுகூட நான் நினைக்கவில்லை. உன் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டே போனேன், பார் என் புத்தியை.

இரண்டு பேரும் விட்ட இடத்திலேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "தொலஞ்சா நகரவே கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள் பெரியவள். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறாய், அதற்கு நான் கைகூப்ப வேண்டும். பக்கத்தில் ஸ்டேஷன் கூட்டுகிற அம்மாள் ஒருத்தி துடைப்பத்தைக் குறுக்கே வைத்துக்கொண்டு, யாரும் கிட்டே வர முடியாதபடி காவல் நின்றாள். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, வயசாச்சே, பிள்ளைங்கள முன்னாடி ஏத்திட்டு நீங்க கடைசியாதானே ஏறணும், இதுகூடத் தெரியாதா" என்று அத்தனை பேர் முன்னால் வைது தீர்த்தாள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சின்னவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீடு வரைக்கும் இறங்கவில்லை. நீ என்னை நம்பாமல் போனது தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நீ தாய், நீ செய்தது சரி. உன் இடத்தில் உன் அம்மா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள்ளேயே சேர்த்திருக்க மாட்டாள்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீ போனில் அப்படிச் சொன்ன பிறகு, கடை முடிந்ததும் மத்தியானத்தில் நான் வீட்டுக்கு வருவதில்லை. அந்த ஸ்டேஷனுக்குப் போகிறேன். கடைசியாக ஏறிப் பழகுகிறேன். சிரிக்காதே. ரயில் வந்து கதவு திறந்ததும் கால் முன்னால் பாயத்தான் பார்க்கிறது, அதைப் பிடித்து நிறுத்துகிறேன். கதவோரமாக ஒதுங்கி, இடது கையை நீட்டி மற்றவர்களைத் தடுத்துக்கொண்டு, முதலில் பெரியவள், பிறகு சின்னவன் என்று மனதுக்குள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் நான் ஏறுகிறேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்ப வந்து மறுபடியும் முதலிலிருந்து. முதல் நாள் இரண்டு முறை மறந்துபோய் முதலில் ஏறிவிட்டேன், இப்போது தப்புவதில்லை. உட்கார இடம் கிடைப்பதில்லை, நின்றுகொண்டேதான் போகிறேன், அது கிடக்கட்டும். நேற்று அந்தக் கூட்டுகிற அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கையை நீட்டிக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்து, "யாருக்குங்க வழி விடறீங்க, முன்னாடி யாருமே இல்லையே" என்று கேட்டாள், திட்டுகிற குரலில் இல்லை. "லீவுக்குப் பிள்ளைங்க வராங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் குறைவில்லாத உடம்பும் வாய்க்கட்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பிள்ளைகளுக்கு நெற்றியில் ஆளுக்கொரு முத்தம் கொடு. பெரியவளுடைய கண்ணாடி மூக்கில் வழுக்கி வழுக்கி இறங்குவதைக் கவனித்தேன், அங்கே எந்தக் கடையிலும் கொடுத்துக் கெடுத்துவிடாதே, அவள் முகத்தில் மாட்டி வைத்துத்தான் அதைச் சரி செய்ய முடியும்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா