வெண்ணெய்க் கை

ஆண்டிமடம்
7-3-1948

சிரஞ்சீவி பழனிவேலுக்கு அம்மாவின் ஆசிகள். பம்பாயில் நீயும் சாந்தாவும் குழந்தை மலர்க்கொடியும் சௌக்கியமாக இருக்கக் கல்லங்குறிச்சிப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் தங்கை தனம் பதினைந்து நாளாக நம் வீட்டில் இருக்கிறாள். குன்னத்தில் புகுந்த வீட்டில் தண்ணீர் இறைக்கும்போது அவளுக்கு வலது தோள் நழுவிவிட்டது, இது மூன்றாவது தடவை. மாமியாராகிப்போன உன் அத்தை வீராயி அவளை வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, தெருவே கேட்க, "ஊனக் கையிய மறச்சு எந் தலையில கட்டிட்டீங்க, எல்லாம் ஆத்தா வூட்டு ரத்தம், எம் மவனுக்கு வேற பொண்ணு பாத்துக்குறேன்" என்று கத்திவிட்டுப் போனாள். யார் மறைத்தது? நிச்சயத்தன்று வளையல்காரர் குழந்தைகள் போடும் வளையலையே தனத்தின் கையில் சிரமமில்லாமல் ஏற்றினபோது, "எங்கண்ணன் மவளுக்குக் கையா இது, வெண்ணெயில்ல" என்று ஊரைக் கூட்டிக் காட்டியவள் அவள்தானே.

திருச்சிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் தோளை ஏற்றிக் கட்டுப் போட்டார். எலும்பில் குறையில்லை, மூட்டை இழுத்துப் பிடிக்கும் நார் பிறவியிலேயே தளர்வு, சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் என்றார். என் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார், பாதிகூட வரவில்லை. உன் அப்பாவின் விரல் மடங்கி முன்கையைத் தொட்டது. உங்கள் பக்கத்தில் வேறு யாருக்கு உண்டு என்று கேட்டதற்கு, "எங்கப்பாருக்கு இருந்துச்சுங்க, எந் தங்கச்சி வீராயிக்கும் இருக்குதுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இதுதான் அவள் சொன்ன ஆத்தா வீட்டு ரத்தம். டாக்டரிடம் திறந்த வாய் தங்கையிடம் திறக்கவில்லை. கூடப்பிறந்தவளை நாலு பேர் முன்னால் எப்படித் தலைகுனிய வைப்பது என்கிறார். பெற்ற மகள் வாழாவெட்டியாக மூலையில் உட்கார்ந்தால் பரவாயில்லையாம். "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்" என்று அவள் கேட்கும்போது எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பங்குனி பதினைந்தாம் தேதி குன்னத்தார் பேச வருகிறார்கள். நான் சொன்னால் நாத்தனார் சண்டை என்று தள்ளிவிடுவார்கள், அப்பாதான் தன் விரலை மடக்கிக் காட்டிச் சொல்ல வேண்டும். நீ எழுதினால் கேட்பார், இன்றே அவருக்குக் கடுதாசி போடு.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் பெருமாள் காப்பாற்றட்டும். மறக்காதே, மலர்க்கொடியை யாரும் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. போன தை மாதம் வந்தபோது அவள் கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள், எல்லோரும் கைதட்டினோம். தனத்துக்கும் அந்த வயதில் அப்படித்தான் கைதட்டினோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரத்தினம்மாள்