வெள்ளிக்கிழமை போன கடிதம்

ஜூன் 11, புதன் இரவு

விடியற்காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் கடைசி லயத்தின் மேல் மண்மேடு சரிந்தது. அதில் புதைந்து பெருமாள் போய்விட்டான்.

போன வெள்ளிக்கிழமைதான் அவன் மனைவி செல்வி, லயத்தார் எழுதிய கடிதத்தை தோட்டத்து ஆபீஸில் கிளாக்கரான என்னிடம் தந்தாள். மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, ஆளில்லாமல் கிடக்கும், உதவி மேனேஜருக்கான சின்னத்துரை பங்களாவில் எங்களை இருக்க விடுங்கள் என்று எழுதி, எல்லாரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். கொழும்பு ஹெட் ஆபீஸ் சொன்னால்தான் மேனேஜர் துரை அதைத் திறப்பார். அப்போதே ஃபேக்ஸ் அனுப்பினேன். மெஷினும் ‘ஓகே’ என்று சீட்டுத் துப்பியது.

இன்று காலை கொழும்பிலிருந்து போன். வெள்ளிக்கிழமை உங்களிடமிருந்து ஒரு வெற்றுத்தாள் வந்ததே, அது என்ன என்று கேட்டார்கள். எழுந்து போய் மெஷினைப் பார்த்தேன். பழைய மெஷினில் எழுத்துப் பக்கம் மேலே இருக்க வேண்டும். போன வாரம் வந்த புது மெஷினில் கீழே. நான் பழையபடி மேலே வைத்திருக்கிறேன். பதினைந்து வருடப் பழக்கம்.

மத்தியானம் சாவு வீட்டுக்குப் போனேன். துரை முன்னாலேயே செல்வி சொன்னாள்: “கிளாக்கரய்யா அன்னைக்கே அனுப்பிட்டாருங்க. கொழும்புக்காரங்கதான் கண்டுக்கல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

திரும்பி வந்து, எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்து மறுபடி அனுப்பினேன். கொழும்பிலிருந்து உடனே பேசினார்கள். இப்போது எல்லாம் தெளிவாக இருக்கிறதாம். கடைசிக் கையெழுத்து மட்டும் கோணலாக இருக்கிறது, யாருடையது என்று கேட்டார்கள்.

அது பெருமாளுடையது. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.