கொக்கிக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு

டீச்சர்,

எண் போட்டுத்தான் தொடங்குகிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

1. வியாழக்கிழமை பள்ளி மண்டபத்தில் வந்த வாடை.
2. நீங்கள் அடித்து வைத்த கொக்கிகள்.
3. பிள்ளைகள் செய்திருக்கும் சிவப்பு விளக்கு உங்கள் கொக்கிகளுக்கு எதிரானது.
4. ஞாயிறு காலைக்குள் நான் என்ன மதிப்பெண் போடுவது?

"என்ன சார், அழுவுறதுக்கும் நம்பர் போடுவீங்களா?" என்று ஒருமுறை ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்கும்படி கேட்டீர்கள். உங்களை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று, செய்ய வேண்டியவற்றை எண் போட்டுத்தான் எழுதினேன். முதல் வேலை, சட்டையை ஊறவைப்பது.

வாடைக்கு வருகிறேன். நம் தோட்டப் பள்ளி இப்போது இடம் மாறி, சுங்கைப் பட்டாணியில், தாமான் குடியிருப்புக்குள் மூன்று மாடிக் கட்டடமாக நிற்கிறது. புத்தாக்கப் போட்டிக்கு நடுவராக வரச் சொன்னார்கள். எனக்கு என்ன தெரியும் என்று இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை மறுக்கக் கூச்சமாக இருந்தது, போனேன். மண்டபத்தில் பசை, அட்டை, பெயிண்ட் என்று பல வாடைகள். அவற்றுக்கு நடுவே காயாமல் மடித்து வைத்த மழைக்கோட்டின் புளித்த வாடை. அங்கேயே நின்றுவிட்டேன்.

புக்கிட் செலம்பாவ் பக்கம் நாம் வேலை செய்த பலகைப் பள்ளியின் பின்பக்கச் சுவரில் ஒரு மழைக்காலத்தில் நீங்கள் வரிசையாகக் கொக்கி அடித்தீர்கள். பழைய மழைக்கோட்டுகளைச் சேர்த்து மாட்டினீர்கள். மழை பெய்தால் எந்தப் பிள்ளையும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். பூட்டு கிடையாது, பெயர் கிடையாது.

எனக்கு அது பொறுக்கவில்லை. கோட்டுக்கு எண் எழுதி, எடுப்பவர் பெயரைக் குறித்துக்கொள்ளலாம் என்றேன்.

"கோட்டுக்கு நம்பர் போட்டா புள்ளைக்குப் போட்ட மாதிரிதான் சார். இல்லாத புள்ள நனைஞ்சுகிட்டே போவும், வந்து பேரு கொடுக்காது."

"ஏற்கெனவே பாதி காணோமே டீச்சர்!"

"காணாமப் போன கோட்டு யாரோ ஒருத்தர் மேலதானே இருக்கு? நனையாமத்தானே இருக்காங்க? விடுங்கலா."

அந்த 'விடுங்கலா'வுக்குப் பிறகு உங்களிடம் யாரும் பேச முடியாது. ஆனால் தினமும் பின்பக்கம் போய் வெறுங்கொக்கிகளைப் பார்த்துவிட்டு வருவேன்.

இப்போது சிவப்பு விளக்கு. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடம் இருக்கிறது. யாருக்கு என்ன சிரமம் என்று கேட்டறிந்து, அதற்கு ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். அந்தப் பொருள் எந்த நற்பண்பை வளர்க்கிறது என்றும் சொல்ல வேண்டும். நடுவர் தாளில் பண்புக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. பண்புக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் இரண்டு குழுக்கள் நின்றன. ஒன்று, குப்பை போட்டால் 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லும் குப்பைத்தொட்டி. மண்டபமே சிரித்தது. மற்றது, தர்ஷினி என்ற ஐந்தாம் ஆண்டு மாணவியின் குழு செய்த மழைக்கோட்டுப் பலகை. பள்ளிவாசலில் மோட்டாருக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டுச் செய்தார்களாம். உங்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தர்ஷினி கோட்டை எடுத்துக் காட்டினாள். கொக்கிக்கு மேல் பளிச்சென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

எடுத்த பிள்ளையை எல்லாரும் திரும்பிப் பார்க்க ஒரு விளக்கு! அன்று நான் கேட்டதும் அதுதானே என்று நினைத்தபோது இன்னும் குழம்பினேன். மற்ற இரு நடுவர்கள் ஆளுக்கொரு குழுவின் பக்கம். மாநிலப் போட்டிக்கு யார் போவது என்பது என் தாளில் நிற்கிறது. வீட்டில் யோசித்துத் தருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நான்காவதை எழுத உட்கார்ந்து, குப்பைத்தொட்டி என்று எழுதினேன், அடித்தேன். இங்கே நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறேன்.

*

இன்று ஞாயிறு, வெள்ளி சனி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள். காலை மணி அடிக்கும் முன்பே பள்ளிக்குப் போய்த் தர்ஷினியைக் கேட்டேன்.

"யாரு எடுத்தாங்கன்னு அந்த லைட்டு காட்டிக்கொடுக்குமாம்மா?"

"இல்ல சார். யாருன்னு அதுக்குத் தெரியாது. கொக்கி காலின்னு மட்டுந்தான் தெரியும்."

"அப்புறம் எதுக்குச் சிவப்பு?"

"நாங்க பார்க்கத்தான். மறுநாளும் செவப்பா இருந்தா, எடுத்த வீட்டுக்கு அந்தக் கோட்டு வேணும்னு அர்த்தம்லா. நாங்க வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டணும்."

பக்கத்தில் நின்ற பையன், "கேமரா வைப்போம்னு நான் அப்பவே சொன்னேன் சார், இவதான் கேட்கல," என்றான்.

"வாய மூடுடா," என்றாள் தர்ஷினி.

வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே, "மாநிலத்துக்குப் போனா கார்டு வச்சிடலாம் சார். தட்டுனா பேரு வர்ற மாதிரி. நடுவர்களுக்குப் பிடிக்கும்," என்றார். தர்ஷினி காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது டீச்சர். வெறுங்கொக்கியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேனே, அது ஒருநாளும் நெடுநேரம் வெறுமையாக இருந்ததில்லை. சனி மாலை தேவாலயத்தில் பூசை முடிந்து, மோட்டாரில் வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு நீங்கள் கோட்டு கொண்டுவருவீர்கள். போனதைத்தான் நான் பார்த்தேன். வந்து மாட்டியதைப் பார்க்கவில்லை.

மழைக்கோட்டுப் பலகைக்கே மதிப்பெண் போட்டேன். கருத்து எழுதும் இடத்தில், 'பெயர் சேர்க்க வேண்டாம்' என்று எழுதினேன். அதை யாராவது படிப்பார்களா, படித்தால் கேட்பார்களா, தெரியவில்லை. மேலே அனுப்பி அந்தப் பலகையை நானே கெடுத்துவிட்டேனோ என்றும் இருக்கிறது. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, மோட்டாரின் இருக்கைக்கு அடியில் மடித்து வைத்திருந்த என் மழைக்கோட்டை எடுத்துக் காயப்போட்டேன். நாளை கொண்டுபோய் மாட்டலாம் என்று எண்ணம். காலரின் உட்பக்கம் என் பெயரை அழியாத மையில் எழுதியிருக்கிறேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

மேலே எண் போட்டு எழுதியதில் மூன்றாவது வரி தவறு, டீச்சர். அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் சிரிக்கட்டும் என்று.