எழும்பாத காலைகள்

கிளேட்டன், மெல்பேர்ன்
15 ஜூன் 2025

அன்புள்ள எறிக்,

போனில் கதைச்சால் சண்டையில்தான் முடியுது. அதனால் எழுதுறன். சிரிக்காதேங்கோ.

நான் சுகம். என்ரை சிநேகிதி தேஜஸ்வினி ஆராய்ச்சி வேலையாய் ஜேர்மனி போயிட்டாள். குளிர் முடியும் வரைக்கும் வீட்டை என்னட்டை விட்டிருக்கிறாள். ஹீற்றர் ஒரு அறையில்தான் வேலை செய்யுது. மெத்தையை அங்கை இழுத்துப் போட்டிட்டன். காலமை முழிப்பு வந்தாலும் எழும்பிறதில்லை. யன்னல் கண்ணாடியில் படிஞ்ச பனிப்புகார் கலையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு கிடப்பன். பிறகு இஞ்சித் தேத்தண்ணி. மத்தியானம் பால்கஞ்சி. பின்னேரம் கதிரையில் இருந்து மழை பார்க்கிறது. வேறை ஒண்டும் செய்யிறதில்லை.

"எப்ப வாறீர்?" எண்டு கேக்கிறீங்கள். அண்டைக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிஞ்சு வரேக்கை, சிவப்பு விளக்கில் நிண்ட காருக்குள்ளை நித்திரையாப் போனன். பின்னுக்கு நிண்டவர் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டித்தான் எழுப்பினவர். வீட்டை வந்து உங்களிட்டைச் சொன்னன். "ஒரு கிழமை லீவு போடும், சரியாப் போகும்" எண்டு சொல்லிக்கொண்டே காலிலை சப்பாத்து மாட்டினீங்கள். என்னை நிமிர்ந்து பார்க்கேல்லை.

அது எனக்கு இன்னும் ஆறேல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

அன்புடன்
ஜெனோஜா

---

வெஸ்ட்மீட், சிட்னி
29 ஜூன் 2025

அன்புள்ள ஜெனோஜாவுக்கு,

கார் பார்க்கில் இருந்து எழுதுறன். ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சுது, இனிக் குடோனுக்கு ஓடவேணும். எழுத்துக் கோணலாய் இருந்தால் கோவிக்காதையும்.

உமக்கு மழை பார்க்க நேரம் இருக்கு. எனக்கு மழை பெய்யிறதே கார் வைப்பர் போடேக்கைதான் தெரியும். மாதா கோயில் பூசைக்குப் போனால் எல்லாரும், "ஜெனோஜா எங்கை?" எண்டு கேக்கினம். படிக்கப் போயிட்டா எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். கோயிலில் வைச்சுப் பொய் சொல்லுறது நல்லாயில்லை.

நான் ஓடுறதெல்லாம் ஆருக்காக? அடுத்த மாதக் கடைசியில் வந்து உம்மைக் கூட்டிக்கொண்டு போறன். உடுப்புகளை அடுக்கி வையும்.

எறிக்

---

கிளேட்டன்
28 ஜூலை 2025

அன்புள்ள எறிக்,

வீடு போய்ச் சேர்ந்திருப்பீங்கள்.

கூட்டிக்கொண்டு போக வந்த மனுசன் மீன்சொதியும் சோறும் சாப்பிட்டுப் போட்டு, ஹீற்றருக்குப் பக்கத்தில் சரிஞ்சவர்தான். சனிக்கிழமை முழுக்க நித்திரை. நான் எழுப்பேல்லை. இடையிலை, கண் திறக்காமலே, "வாறன், வாறன், இந்தா வாறன்" எண்டு ஆருக்கோ சொன்னீங்கள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் நீங்கள் பகலில் படுத்து நான் கண்டதில்லை. குசினிக்குள்ளை போய் நிண்டு அழுதன்.

நேற்று வாசலில் வைச்சு, "வெளிக்கிடும்" எண்டீங்கள். நான் வரேல்லை எண்டன். "அப்ப அந்த வீட்டில் எனக்கு ஆர் இருக்கினம்?" எண்டு கேட்டீங்கள். பதில் சொல்லுறதுக்குள்ளை டாக்சி வந்திட்டுது.

அதே கேள்வியை நான் அந்த வீட்டிலை கனகாலம் எனக்குள்ளையே கேட்டுக்கொண்டிருந்தனான், எறிக்.

இஞ்சை ஒரு கிளினிக்கில் பகுதிநேர வேலை சொல்லியிருக்கினம். செப்டெம்பரில் தொடங்கிறன். உங்களில் எனக்கு வெறுப்பில்லை. திரும்ப அந்த ஓட்டம் ஓட என்னால் ஏலாது, அவ்வளவுதான்.

ஜெனோஜா

---

வெஸ்ட்மீட்
17 ஓகஸ்ட் 2025

அன்புள்ள ஜெனோஜாவுக்கு,

குடோன் வேலையை விட்டிட்டன். உமக்காக விட்டன் எண்டு சொன்னால் பொய். பெட்டி ஒண்டைத் தூக்கேக்கை கண் சொருகி, அது கையாலை நழுவிப் போச்சு. கூட வேலை செய்யிற துஷாந்தின்ரை கால் தப்பினது அருந்தப்பு. அவன் என்னை ஏசேல்லை. "அண்ணை, வீட்டை போய்ப் படுங்கோ" எண்டான். நீரே அவன் வாயாலை சொல்லுற மாதிரி இருந்தது.

இண்டைக்கு ஞாயிறு. பூசை முடிஞ்சு நேரே வீட்டை வந்தன். வெளியில மழை. என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை. சரியான குளிர். எங்கடை ஹீற்றரை எப்பிடிப் போடுறதெண்டு எனக்குத் தெரியாது, ஜெனோஜா. இவ்வளவு வருசமும் நீர்தான் போட்டிருக்கிறீர். ஒவ்வொரு பொத்தானாய் அமத்திப் பார்த்துக் களைச்சுப்போய் ஜாக்கெட்டோடையே சோபாவில் படுத்தன். முழிக்கேக்கை வீடு இருண்டு கிடந்தது. உம்மைக் கூப்பிட்டன். பிறகுதான் நீர் இல்லை எண்டது நினைவு வந்தது.

நீர் இந்த இருட்டுக்குள்ளை எத்தினை பின்னேரம் தனிய இருந்திருப்பீர்?

ஆஸ்பத்திரியில் லீவு கேட்டிருக்கிறன். வரட்டோ? கூட்டிக்கொண்டு போக இல்லை. சும்மா இருக்க.

எறிக்

---

கிளேட்டன்
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள எறிக்,

வாங்கோ.

வந்த உடனை மன்னிப்பு அது இது எண்டு தொடங்க வேண்டாம். எனக்கு இன்னும் களைப்பு விடேல்லை, உங்களுக்கும் விட்டிருக்காது. இனி என்ன செய்யப்போறம் எண்டும் இப்ப கேக்க வேண்டாம். காலமை நான் நேரத்துக்கு எழும்ப மாட்டன். நீங்கள் முதல் எழும்பினால் தேத்தண்ணியைப் போட்டுக் குடியுங்கோ. எனக்கும் ஒரு கோப்பை வையுங்கோ.

இஞ்சை இன்னும் குளிர்தான். இருக்கிறது ஒரே ஒரு கம்பளி. உங்கடையைக் கொண்டு வாங்கோ.

ஜெனோஜா